எடுக்காத படம்

வெள்ளைச்சாமியின் பித்தப்பை ஐந்து நிமிடத்தில் காணாமல் போயிற்று. பத்து நாற்பதுக்கு எடுத்த படத்தில், ஈரலுக்குக் கீழே, உள்ளே மூன்று கல்லோடு இருந்தது. பத்து நாற்பத்தைந்துக்கான படத்தில் இல்லை. இடையில் அந்த மனிதர் மேசையை விட்டு இறங்கவில்லை. நானும் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நாற்காலியை விட்டு எழுந்திருக்கவில்லை. இருபத்தெட்டு வருடமாக ஸ்கேன் எடுக்கிறவள் நான், பெயர் ஹெப்சிபா. மனிதர்களின் வயிற்றுக்குள் என்னென்னவோ பார்த்திருக்கிறேன். இருந்த உறுப்பு இல்லாமல் போனதை அன்றைக்குத்தான் முதலில் பார்த்தேன்.

பத்து நாற்பத்தைந்துக்கான படம் என்று சொன்னேனே, அது எடுத்த படம் இல்லை. அதைக் கொஞ்சம் விளக்கித்தான் சொல்ல வேண்டும்.

வயிற்றில் ஓடும் பெரிய ரத்தக்குழாய் சிலருக்கு, அதிலும் பீடி சிகரெட் பிடித்த ஆண்களுக்கு, பழைய சைக்கிள் டியூப் மாதிரி ஓரிடத்தில் புடைத்துக்கொள்ளும். வெடித்தால் ஆள் ஆஸ்பத்திரி வந்து சேருவதே கஷ்டம். அதனால் துணி சுற்றிய கம்பிக்குழாய் ஒன்றைத் தொடை வழியாக உள்ளே விட்டு, புடைப்புக்குள் பொருத்திவிடுவார்கள். அதுதான் ஸ்டென்ட். இனிமேல் ரத்தம் அதற்குள்ளேதான் ஓட வேண்டும். வெளியே புடைத்த பை சும்மா கிடந்து சுருங்க வேண்டும். ரத்தம் எங்காவது ஒரு சந்து கண்டுபிடித்து அந்தப் பைக்குள் கசிந்தால் பழையபடி ஆபத்துதான். அந்தக் கசிவைத் தேடுவது எங்கள் வேலை. சாய மருந்து ஏற்றுவதற்கு முன் ஒரு படம், ஏற்றியதும் ஒரு படம், ஐந்து நிமிடம் காத்திருந்து ஒரு படம். மெதுவான கசிவு மூன்றாவதில்தான் தெரியும். அதைப் பிந்திய படம் என்போம்.

தெற்கத்தி அரசு ஆஸ்பத்திரி எங்களுடையது. வாசலில் எப்போதும் எழுபது பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் ஐந்து நிமிடம் என்பது சின்ன விஷயம் இல்லை. அதற்காகத்தான் சென்னையிலிருந்து ஒரு கம்பெனி புது மென்பொருள் ஒன்றைக் கொண்டுவந்து போட்டது. முதல் இரண்டு படத்தைக் கொடுத்தால் மூன்றாவதை அதுவே வரைந்துவிடும். எங்கள் ஆஸ்பத்திரியின் இருபது வருடப் பழைய படங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டதாம். நோயாளிக்குக் கதிர்வீச்சு மிச்சம், எங்களுக்கு நேரம் மிச்சம். படம் பார்த்து ரிப்போர்ட் எழுதும் டாக்டர் செய்யது மீரான் அதற்கு ‘எடுக்காத படம்’ என்று பெயர் வைத்தார். அவருக்கு வாய் சும்மா இருக்காது.

வெள்ளைச்சாமியின் படத்தை அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

“அஞ்சு நிமிசத்துல யாரு அக்கா உள்ள போயி ஆபரேஷன் பண்ணிட்டு வந்தது?” என்றார்.

பித்தப்பை மட்டும் இல்லை. எடுக்காத படத்தில் அவர் வயிற்றுக் கொழுப்பும் குறைந்திருந்தது. முதுகெலும்பை ஒட்டி, பைக்குள், கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளையாக ஒரு கசிவு தெரிந்தது. சந்தேகத்துக்கு, அவரைப் படுக்கவைத்தபடியே நிஜமான பிந்திய படமும் எடுத்துப் பார்த்தோம். பித்தப்பை இருந்த இடத்தில் இருந்தது. கசிவு எதுவும் இல்லை. கம்ப்யூட்டர் உளறுகிறது என்று முடிவுசெய்து, மீரான் அடுத்த ஆளைக் கூப்பிடச் சொன்னார்.

வெள்ளைச்சாமி எட்டயபுரம் பக்கத்து ஆட்டு வியாபாரி. ஏழு மாதம் கழித்துத் தை மாதத்தில் மறுபடி வந்தார். மேசையில் படுக்கவைத்து, சட்டையைத் தூக்கினேன். வலது விலாவுக்குக் கீழே சின்னச் சின்னதாக நாலு தழும்பு. தீபாவளிக்கு மறுநாள் வயிற்றுவலி தாங்காமல் கோவில்பட்டியில் பித்தப்பையை எடுத்துவிட்டார்கள் என்றார். ஆள் இளைத்திருந்தார். படம் எடுத்தேன். முதுகெலும்பை ஒட்டி, கட்டைவிரல் நகம் அளவுக்குக் கசிவு.

பழைய எடுக்காத படத்தைத் தேடி எடுத்து, இன்றைய படத்தின்மேல் வைத்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஆளை ஒரே நேரத்தில் எடுத்ததுபோலப் பொருந்தின. மவுஸை வைத்துவிட்டு மீரானைக் கூப்பிட்டேன். மீரான் வந்து பார்த்தார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்தார்.

கம்பெனியிலிருந்து கார்குழலி என்ற பெண் வந்தாள். மென்பொருளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்தவள் அவள்தான். இரண்டு நாள் எங்கள் பழைய பதிவுகளைத் தோண்டினாள். மூன்றாம் நாள் என்னையும் மீரானையும் உட்காரவைத்து, பயந்த குரலில் சொன்னாள்.

“மேடம், உங்க ஆஸ்பத்திரியில பிந்திய படம்னா அஞ்சு நிமிஷம் இல்ல. பத்துல ஏழு படத்துக்கு ஏழு மாசம், எட்டு மாசம்.”

எனக்கு உடனே புரிந்துவிட்டது. செய்தவளுக்குத் தெரியாமல் இருக்குமா.

ஸ்டென்ட் வைத்தவர்களுக்கு மேலிடம் வருடத்துக்கு ஒரு ஸ்கேனுக்குத்தான் அனுமதி கொடுக்கும். டாக்டர்களோ ஆறு ஏழு மாதத்தில் இன்னொன்று வேண்டும் என்பார்கள். இரண்டாவது அனுமதிக்குத் தாசில்தாரில் தொடங்கி எட்டுப் படி ஏற வேண்டும். மாஞ்சோலையிலிருந்து இறங்கி வருகிறவரை எந்தப் படிக்கு அனுப்புவது? அதனால் நான் ஒரு வழி கண்டுபிடித்தேன். ஏழு மாதம் கழித்து வருகிறவரின் படத்தைப் புது நம்பரில் போடாமல், பழைய ஸ்கேனின் பிந்திய படம் என்று அதே நம்பரில் சேர்த்துவிடுவேன். எனக்குப் பின்னால் வேலைக்கு வந்தவர்களுக்கும் அதையே சொல்லிக்கொடுத்தேன். தர்மம் என்று நினைத்துத்தான் செய்தேன். நல்ல காரியம் செய்கிறோம் என்று அதில் ஒரு கர்வமும் இருந்தது; அதையும் சொல்லிவிடுகிறேன்.

தேதி பார்த்தாலே தெரிந்திருக்குமே என்று மீரான் கார்குழலியிடம் கேட்டார். நோயாளி யார் என்று தெரியக் கூடாது என்பது சட்டமாம். அதனால் பெயர், ஊர், தேதி எல்லாவற்றையும் அழித்துவிட்டுத்தான் பாடம் நடத்தியிருக்கிறார்கள். மென்பொருளுக்குத் தெரிந்ததெல்லாம் இது முந்திய படம், இது பிந்திய படம் என்பது மட்டும்தான். முந்தியதைக் கொடுத்தால் பிந்தியதை வரை என்றார்கள். அது வரைந்தது. பித்தப்பையில் இப்படிக் கல் இருந்தால் ஏழு மாதத்தில் அதை எடுத்துவிடுவார்கள் என்பதைக்கூடக் கற்றுக்கொண்டிருக்கிறது.

கார்குழலி அதைச் சரிசெய்துவிட வேண்டும் என்றாள். மீரான் விடவில்லை. கசிவு வரப்போகிறது என்று ஏழு மாதம் முன்னாலேயே தெரிந்தால் எத்தனை பேரைக் காப்பாற்றலாம், இந்த ஓர் ஆஸ்பத்திரியில் மட்டும் அப்படியே இருக்கட்டும், மேலே சொல்ல வேண்டாம் என்று மன்றாடினார். அவள் இரண்டு நாள் யோசித்துவிட்டுச் சரி என்றாள். தான் செய்த ஒன்று இப்படி ஆனதில் அவளுக்கும் உள்ளூரப் பெருமைதான். மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல் டீ குடித்தோம்.

அதற்கப்புறம் ஒன்றரை வருடம் அந்த அறையில் வேலை பார்த்தது எனக்குப் பழகவே இல்லை. வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முறுக்குத் தின்கிற மனிதரின் அடுத்த வருட உடம்பு என் திரையில் கிடக்கும். ஒருவர் சித்திரையில் பேத்திக்குக் கல்யாணம் என்று எனக்குப் பத்திரிகை கொடுத்தார். அவருடைய எடுக்காத படத்தில் தசையெல்லாம் வற்றி, ஈரலில் கரும்புள்ளிகள் பரவிக் கிடந்தன. எங்கள் வேலை கசிவு பார்ப்பது; ஈரலைப் பற்றி என்ன சொல்வது, யார் கேட்டால் எதைக் காட்டுவது? வேறு டாக்டரைப் பாருங்கள் என்று மட்டும் எழுதிக்கொடுத்தோம். பத்திரிகையை வாங்கும்போது அவர் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. கல்யாணத்துக்குப் போகவும் இல்லை.

ஆனால் பலன் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. இருபத்தாறு பேருக்குக் கசிவு வரும் முன்பே தெரிந்து, வந்ததும் அடைத்தோம். ஒருவர்கூடச் சாகவில்லை. எடுக்காத படம் சுத்தமாக இருந்தவர்களை, ஏழு மாதத்தில் வர வேண்டாம், ஒரு வருடம் கழித்து வந்தால் போதும் என்று அனுப்பினோம். நிஜமான பிந்திய படம் எடுப்பதையே விட்டுவிட்டோம். வாசலில் கூட்டம் குறைந்தது. மேலிடத்திலிருந்து பாராட்டுக் கடிதம்கூட வந்தது.

என் வீட்டுக்காரர் தவசிங் அரசு பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர். முப்பத்தோரு வருடம் ஸ்டியரிங்கும் சிகரெட்டுமாக இருந்ததில் அவருக்கும் வயிற்றில் புடைப்பு வந்து, ஸ்டென்ட் வைத்திருந்தது. பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து என்பது அவருக்காகவே சொன்னதுபோல இருக்கும். கல்யாண வீட்டில் முதல் இலையில் உட்காருவார். ஸ்கேன் என்றால் கடைசி ஆளாகக்கூட வர மாட்டார். ஆவணி மாதம், நாலு நாளாக இடுப்பு வலிக்கிறது என்று தைலம் தேடினார். நானே பிடித்து இழுத்துக்கொண்டு போனேன்.

இரண்டு படம் எடுத்தேன். எடுக்காத படத்தை வரையவிட்டேன். வந்தது. பார்த்ததும் எனக்குக் கண் கலங்கிவிட்டது. பை நன்றாகச் சுருங்கியிருந்தது. ஒரு பொட்டு வெள்ளை இல்லை. வயிற்றில் இன்னும் கொஞ்சம் சதை போட்டிருந்தார். ஏழு மாதம் கழித்தும் என் வீட்டுக்காரர் சாப்பாட்டைக் குறைக்கவில்லை என்று சிரித்துக்கொண்டேன்.

மீரான் மட்டும் அன்றைக்கு எடுத்த படத்தையே திரும்பத் திரும்ப அளந்துகொண்டிருந்தார்.

“அக்கா, பை போன தடவைக்கு நாலு மில்லிமீட்டர் கூடியிருக்கு. ஒருக்கா நெசமாவே பிந்திய படம் எடுத்துருவமா? அஞ்சு நிமிசந்தான.”

நான் எடுக்காத படத்தைக் காட்டினேன். இத்தனை பேருக்கு இதை நம்பிவிட்டு, என் வீட்டுக்காரருக்கு மட்டும் நம்பாமல் இருந்தால் அது என்ன நியாயம் என்று கேட்டேன். நாலு மில்லிமீட்டர் அளவில் முன்னே பின்னே வருவதுதான் என்றும் சொன்னேன். இருபத்தெட்டு வருட அனுபவம் பேசியது. மீரான் அளப்பதை விட்டுவிட்டார்.

தவசிங் மேசையிலிருந்து இறங்கிக் கைலியைச் சரிசெய்துகொண்டே கேட்டார்.

“ஏட்டி, அந்தப் படத்துல நான் இருக்கேனா?”

“இருக்கிய. நல்லா சுத்தமா இருக்கிய.”

“பொறவென்ன. வீட்டுக்குப் போவோம்.”

இடுப்பு வலி நிற்கவில்லை. இரண்டு தடவை, ஆஸ்பத்திரிக்கு வரட்டுமா என்று அவராகவே கேட்டார். ஆஸ்பத்திரி என்றால் ஓடுகிற மனிதர் அவராகவே கேட்டார்; அப்போதாவது எனக்கு உறைத்திருக்க வேண்டும். பஸ் சீட்டில் முப்பது வருடம் குலுங்கின இடுப்பு வலிக்காமல் என்ன செய்யும் என்று சொல்லித் தைலம் தேய்த்துவிட்டேன். முப்பத்தொன்பதாம் நாள் காலை பதினொரு மணிக்கு, பஸ் ஸ்டாண்ட் டீக்கடையில் பழைய டிரைவர்களோடு பேசிக்கொண்டிருந்தவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். ஆம்புலன்ஸில் எங்கள் ஆஸ்பத்திரிக்குத்தான் கொண்டுவந்தார்கள். நான் உள்ளே வேறு ஒருவருக்குப் படம் எடுத்துக்கொண்டிருந்தேன். முடித்துவிட்டு வெளியே வந்தபோது ஸ்ட்ரெச்சரின் முனையில் அவர் செருப்பு தெரிந்தது. வயிறு கல்லாக இருந்தது. கையில் சூடு மட்டும் இருந்தது.

பதினாறாம் நாள் ஜெபம் முடிந்து, மறுநாளே வேலைக்குப் போய்விட்டேன். வீட்டில் இருக்க முடியவில்லை. எனக்கு ஒரே ஒரு கேள்விதான் இருந்தது. கார்குழலியைக் கூப்பிட்டு, அவருடைய படத்தில் ஏன் தப்பாகச் சொன்னது என்று கேட்டேன். அவள் மறுநாளே புறப்பட்டு வந்தாள். போனில் சொல்லக் கூடாது என்று நினைத்திருக்கிறாள்.

“அது தப்பாச் சொல்லல மேடம். முந்திய படம், பிந்திய படம், ரெண்டும் இருக்கிறவங்களை வச்சுத்தான் அதுக்குக் கத்துக்குடுத்தோம்.”

“ஒரு படம் மட்டும் இருக்கிறவிய?”

“அதையெல்லாம் உபயோகமில்லன்னு ஒதுக்கிட்டோம்.”

ஒதுக்கியவர்கள் நானூற்று மூன்று பேர். ஏழு மாதம் கழித்து வராதவர்கள். சிலர் மதுரைக்கோ திருவனந்தபுரத்துக்கோ போயிருப்பார்கள். மற்றவர்கள் ஏன் வரவில்லை என்று எனக்கு எப்போதாவது தோன்றியிருக்கிறதா? வராதவர்களின் பெயரை நோட்டில் சிவப்பு மையால் அடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டிருக்கிறேன், அவ்வளவுதான். பை வெடித்தவர் பிந்திய படத்துக்கு வர மாட்டார். அப்படி ஒருவரைக்கூட அந்த மென்பொருள் பார்த்ததே இல்லை. மெதுவாகக் கசிந்து, பிழைத்து, பஸ் ஏறி எங்களிடம் வந்தவர்களை மட்டும்தான் பார்த்திருக்கிறது. இவர் திரும்பி வந்தால் எப்படி இருப்பார் என்பதை அது வரைந்தது. திரும்பி வருவாரா என்று நாங்கள் அதைக் கேட்கவே இல்லை.

நிஜமான பிந்திய படம் எடுத்திருந்தால் கசிவு தெரிந்திருக்குமா என்றும் கேட்டேன். கார்குழலி மீரானைப் பார்த்தாள். மீரான் தரையைப் பார்த்தார்.

மறுநாள் மென்பொருளை எடுத்துவிடுவதாக முடிவாயிற்று. அன்று மத்தியானம் நான் அறையில் தனியாக இருந்தேன். தவசிங்கின் எடுக்காத படத்தை எடுத்து, அதையே எடுத்த படம் என்று மென்பொருளுக்குக் கொடுத்தேன். அது அடுத்ததை வரைந்தது. அதையும் திருப்பிக் கொடுத்தேன். ஒவ்வொரு தடவைக்கும் ஏழு மாதம். அறுபத்தைந்து வயதில் பை இன்னும் சுருங்கியது. எழுபதில் கொஞ்சம் இளைத்தார், சர்க்கரை வந்திருக்கும். எண்பதில் இடுப்பெலும்பு தேய்ந்து, யாரோ செயற்கை மூட்டு வைத்துவிட்டிருந்தார்கள். நான் நிறுத்தவில்லை. நிறுத்தினால் அவர் அந்த வயதோடு நின்றுவிடுவார் என்று ஒரு பைத்தியக்கார நினைப்பு. தொண்ணூறு, நூறு. முதுகு வளைந்தது, எலும்பு அப்பளம்போல மெலிந்தது, ரத்தம் மட்டும் கம்பிக்குழாய்க்குள் வெள்ளையாக, ஒரு சொட்டு சிந்தாமல் ஓடிக்கொண்டிருந்தது. நூற்றுப் பத்தொன்பது வயதிலும் என் வீட்டுக்காரர் மேசையில் வந்து படுத்திருந்தார்.

அதற்குச் சாவு என்றால் என்னவென்று தெரியவில்லை. இருபது வருடம் நான் சேர்த்துக்கொடுத்த படங்களில் அது இல்லையே. எனக்கு அங்கே உட்கார்ந்திருக்கப் பயமாகிவிட்டது. திரையை அணைத்தேன். அணைத்த பிறகும் அவர் உள்ளே படுத்திருக்கிறார் என்றே தோன்றியது. தொண்டை கிழிய அழுதேன். அடக்கத்தன்றுகூட அப்படி அழவில்லை.

மீரான் ஒரு தாளோடு வந்தார். எடுக்காத படம் சுத்தமாக இருந்ததால் ஒரு வருடம் கழித்து வாருங்கள் என்று கடந்த ஒரு வருடத்தில் நாங்கள் அனுப்பியவர்களின் பட்டியல். அறுபத்திரண்டு பேர். யாருக்கும் வர வேண்டிய தேதி இன்னும் ஆகவில்லை. அதனால்தான் யார் வரவில்லை என்பதும் தெரியவில்லை. ஆள் வைத்துக் கூப்பிடச் சொல்லலாம் என்றார். நானே கூப்பிடுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன்.

முதல் நம்பர் மணி அடித்து அடித்து ஓய்ந்தது. இரண்டாவதை ஒரு பெண் எடுத்தாள். அப்பா ஆடி மாதமே தவறிவிட்டார்கள் என்றாள். வயிறு வலிக்கிறது என்று படுத்தவர்கள் எழுந்திருக்கவில்லை. உங்கள் படத்தில் ஒன்றும் இல்லை என்று சொல்லியிருந்ததால், மாரடைப்பு என்று நினைத்துக்கொண்டோம், நல்ல சாவுதான் என்றாள். எனக்கு நன்றியும் சொன்னாள். நான் ஏதோ முனகிவிட்டு வைத்தேன். தாளில் அந்தப் பெயரை அடிக்கப் பேனாவை எடுத்தவள், அடிக்காமல் பக்கத்தில் ‘இறந்துவிட்டார்’ என்று எழுதினேன்.

மூன்றாவது, சேரன்மகாதேவியில் ஒரு வீடு. வயதான அம்மாள் எடுத்தார்கள். ஸ்கேன் ரூமிலிருந்து ஹெப்சிபா பேசுகிறேன், உங்கள் வீட்டுக்காரரை இன்றைக்கே கூட்டிக்கொண்டு வர வேண்டும் என்றேன்.

“அவியளுக்கு ஒண்ணுமில்ல, சுத்தமா இருக்குன்னு நீங்கதானம்மா சொன்னிய. அடுத்த பங்குனிக்குல்லா வரச் சொல்லியிருக்கு?”

“நாந்தாம்மா சொன்னேன். எங்க வீட்டுக்காரர்ட்டயும் அதத்தான் சொன்னேன்.”

என்ன ஆயிற்று என்று அந்த அம்மாள் கேட்கவில்லை. போனை வைக்காமலே உள்ளே திரும்பி, சோற்றை மூடி வைத்துவிட்டுச் சட்டையைப் போடுங்கள் என்று யாரிடமோ சொல்வது கேட்டது. ஒரு ஆணின் குரல், எதுக்கு என்று கேட்டது. அந்தக் குரலைக் கேட்டதும், நான் போனைக் காதோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன்.